லாண்டரி வீட்டுக் கிணறு

வெளுத்துக் கொடுத்த படுக்கை விரிப்புகள் லாட்ஜிலிருந்து திரும்பி வந்திருந்தன. அழுக்காக வரவேண்டிய மூட்டை, இஸ்திரி மடிப்புகூடக் கலையாமல் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தது. நாத்தனார்தான் முதலில் அவிழ்த்தாள். மேலே இருந்த ஒன்றை உதறி முகத்தருகே கொண்டுபோனவள், சட்டென்று தள்ளிப் பிடித்தாள்.

"அண்ணி, இதுல படுத்துத் தூங்கினா கனவுல லாரிதான் வரும். அப்படியே டீசல் நாத்தம்."

லாண்டரியக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தெருவில் அவளைவிட மூத்தவர்களில் பலரும் அவளை லாண்டரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். விரிப்பு வெள்ளையாக இல்லை. அங்கங்கே லேசான பச்சை. கிணற்றுத் தண்ணீர் துணியில் மஞ்சளை ஏற்றுகிறது என்று கூடுதலாக நீலம் போட்டிருந்தாள். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். வேறு வழி தெரியாமல்தான் போட்டாள்.

அவள் புருஷன் சைக்கிளை நிறுத்திவிட்டு, மூட்டையைப் பார்க்காமலே உள்ளே போகப் பார்த்தார்.

"என்னங்க, மேனேஜர் என்ன சொன்னாரு?"

"உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லைன்னாரு."

"அப்படின்னா வேலை போயிடுச்சு," என்றாள் நாத்தனார்.

"நீ கொஞ்சம் வாயை வச்சிக்கிட்டு சும்மா இரு. வேலை போகலை. குழாய்த் தண்ணி வரப்போகுதுன்னு சொன்னேன். சரி, வரட்டும், அதுவரைக்கும் பொறுத்துக்கிறேன்னாரு. வராட்டி மெஷின் லாண்டரிக்காரன் தினம் வாசல்ல வந்து நிக்கிறான், நான் என்ன பண்றதுன்னு கேட்டாரு. அவரு கேக்கறதுலயும் நியாயம் இருக்கில்ல?"

அவருக்கு எல்லாருடைய பேச்சிலும் நியாயம் தெரியும். அவருடைய வியாதியே அதுதான்.

தெருக்கோடியைத் தாண்டி, வெறும் பொட்டலாகக் கிடந்த இடத்தில் கம்பெனி எரிவாயுவுக்காகத் துளை போட வந்தபோது, முதலில் சந்தோஷப்பட்டவர்களில் இந்த வீடும் ஒன்று. லாட்ஜில் அறை கிடைக்காமல் ஆட்கள் வராந்தாவில் படுத்தார்கள். விரிப்பும் துண்டும் தலையணை உறையுமாக மூட்டைகள் குவிந்தன. புதிதாக ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினார்கள். இஸ்திரி போட்டுப் போட்டு நாத்தனாரின் வலது தோள் இடதைவிட இறங்கிவிட்டது. அந்தச் சந்தோஷம் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. ஒரு நாள் காலையில் வாளியில் வந்த தண்ணீர்மேல் வானவில் மாதிரி ஒரு படலம் மிதந்தது. கையை விட்டால் வழுவழுத்தது. அடுத்த வாரம் சோறு நாறியது. அதற்கடுத்த வாரம் டீ.

தெரு சும்மா இருக்கவில்லை. பிழைக்கத் தெரிந்த ஜனம், தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தது. தண்ணீரைப் பிடித்து ஒரு பகல் தெளியவைத்தார்கள். துணியில் வடிகட்டினார்கள். பழைய செய்தித்தாளைத் தண்ணீர்மேல் விரித்து எடுத்தால் படலம் தாளோடு வந்துவிடும் என்று கண்டுபிடித்தது டெய்லர் வீட்டம்மா. அதற்குப் பிறகு தெருவில் பழைய பேப்பர்காரனுக்கு வேலையில்லாமல் போயிற்று. குளித்தபின் தேங்காயெண்ணெய் தடவினால் அரிப்பு குறையும் என்றார்கள். எண்ணெயில் குளித்துவிட்டு எண்ணெய் தடவிக்கொள்கிற கூத்து எந்த ஊரில் உண்டு என்று நாத்தனார் கேட்டாள். இத்தனையும் செய்துகொண்டே சங்கமும் வைத்தார்கள். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர் செயலாளர். கூட்டத்தை அடக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

சங்கம் நடையாய் நடந்து, கடைசியில் கம்பெனி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தது. தெருவில் ஏதாவது ஒரு கிணற்றில் தண்ணீர் எடுத்துப் பரிசோதிப்பார்கள். கெட்டிருந்தால் தெரு முழுவதற்கும் கம்பெனி செலவில் குழாய். கெடவில்லை என்று வந்தால் அதற்குமேல் பேச்சில்லை. எந்தக் கிணறு என்று முடிவு செய்யத்தான் டெய்லர் கடையில் எல்லாரும் கூடினார்கள். கம்பெனி சார்பில் வந்தவர் மெலிந்த மனிதர். இஸ்திரி கலையாத சட்டை, குரல் உயராது. வாயைத் திறந்தால் "சமாதானமாப் பேசிக்குவோம்" என்பார். தெரு அவருக்குச் சமாதானம் என்றே பேர் வைத்துவிட்டது. அவருக்கும் அது தெரியும். கோபித்துக்கொள்ளவில்லை.

"லாண்டரி வீட்டுக் கிணறுதான்," என்றார் கண்டக்டர். "இருக்கறதுலயே மோசம் அதுதான். தங்கச்சி, தப்பா எடுத்துக்காதே."

லாண்டரியக்காவுக்குச் சுருக்கென்றது. தெருவிலேயே அழுக்கு உன் வீடுதான் என்று பத்துப் பேர் நடுவில் சொன்னால் யாருக்குத்தான் சுருக்கென்றிருக்காது? ஆனாலும் தலையாட்டினாள்.

சமாதானம் மெதுவாகக் கேட்டார். "லாண்டரி வீட்டுக் கிணறா? எனக்கு ஆட்சேபணை இல்லைங்க. ஆனா நாளைக்கு ரிசல்ட் வந்ததும் சண்டை வரக்கூடாது பாருங்க, அதுக்காகச் சொல்றேன். சோப்பு, சோடா, பிளீச்சிங் பவுடர், ஊரு அழுக்கு எல்லாம் அங்கதானே போகுது? கிணத்தச் சுத்தியே துவைக்கிறாங்க. அது உள்ள இறங்கியிருக்கும் இல்லையா?"

"எங்க சாக்கடை கிணத்துப் பக்கமே வராது," என்றாள் அவள். "வந்து பாருங்க. எங்க அழுக்கு ஒரு சொட்டு உள்ள போயிருந்தா என் பேரை மாத்திக்கிறேன்."

"நான் உங்களைக் குத்தம் சொல்லலைம்மா. பார்க்கறவங்களுக்கு அப்படித் தோணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். இவளுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஊருடைய வாந்தியையும் ரத்தத்தையும் குழம்புக் கறையையும் வெள்ளையாக்கி அனுப்பியவள். அவள் வீட்டிலிருந்து ஒரு கைக்குட்டை அழுக்காகப் போனதில்லை. அவளைப் பார்த்து, உன் அழுக்குதான் தெருவைக் கெடுத்தது என்று ஒரு ஆள் சிரித்த முகமாகச் சொல்லிவிட்டுப் போகிறான்.

மறுநாள் காலையில் அவளே கண்டக்டர் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, கிணத்த இறைச்சுத் தேய்ச்சுடப் போறேன். பாசி, மண்ணு, இலை எதுவும் இருக்கக்கூடாது. ஊத்து புதுசா ஊறட்டும். அதுல நாத்தம் வந்தா அது எங்களுதா அவங்களுதான்னு ஊருக்கே தெரியும்ல?"

கண்டக்டர் யோசித்தார். யோசித்துத்தான் சொன்னார். "நல்ல யோசனைம்மா. எண்ணெய் மட்டும் தனியாத் தெரியும். அப்புறம் எந்த நாக்கை வச்சிக்கிட்டுப் பேசுவான்?"

தெருவே திரண்டு வந்தது. டீக்கடைக்காரர் மோட்டார் கொடுத்தார். அடித்தண்ணீரை வாளியால் இறைத்தார்கள். அவள் புருஷனும் டெய்லரும் மாறி மாறி இறங்கி உறை உறையாகத் தேங்காய் நாரால் தேய்த்தார்கள். அவள் மேலே நின்று, விரிப்பில் கறை பார்க்கிற கண்ணால், "அந்த மூலையில இன்னும் பச்சை தெரியுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிளீச்சிங் பவுடர் போடலாமா என்று யாரோ கேட்டதற்கு, "ஐயையோ, அதுதான் மாட்டிவிடும்," என்று தடுத்தாள். அவ்வளவு விவரம். கயிற்றின் நுனியை டெய்லர் வீட்டம்மா பிடித்திருந்தாள். எல்லாருக்கும் டீ போட்டார்கள், கடையில் வாங்கின கேன் தண்ணீரில். வேலை முடிந்தபோது நல்ல மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே சிரித்தார்கள்.

தண்ணீர் எடுக்க வந்தது ஒரு சின்னப் பெண். தோளில் ஐஸ் பெட்டி. முந்தின நாள் மழையில் மேலூற்று பெருகி, காலியான கிணற்றை நிரப்பியிருந்தது. கிணற்றுக்குள் அடி உறையின் சிமெண்டுப் பூச்சு வரைக்கும் தெரிந்தது. லாண்டரியக்கா எட்டிப் பார்த்தாள். மூச்சை இழுத்தாள். நாற்றம் இல்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும்: அந்த நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு தன் கிணற்றைத் தன் கிணறாகப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு நாற்காலி போட்டாள், டீ கொடுத்தாள். "கண்ணாடி மாதிரி இருக்கே!" என்றாள் அந்தப் பெண். "நாங்க அப்படித்தாம்மா வச்சிருப்போம்," என்றாள் இவள்.

வண்டி கிளம்பிப் போனபிறகுதான் நாத்தனார் கேட்டாள். "அண்ணி, நாறவே இல்லையே. நாறணும்ல?"

வாரம் முடிவதற்குள் நாறியது. முன்பைவிட மோசமாக நாறியது. அதற்குள் அந்தப் பெண் பிடித்துப்போன பாட்டில் பரிசோதனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

முடிவு வந்த அன்று கண்டக்டர் எழுந்து நின்று படித்தார். தண்ணீர் குடிக்கத் தகுந்தது. அவ்வளவுதான் அதில் இருந்தது. மறுபடி எடுக்கச் சொல்லலாம் என்று யாரோ ஆரம்பித்தார்கள். சமாதானம் வருத்தமான முகத்தோடு, ஒரு கிணறு, ஒரு தடவை என்று எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கொண்டதை நினைவுபடுத்திவிட்டுப் போனார்.

 பிறகு டெய்லர் வீட்டம்மா சொன்னாள். "கிணத்தக் கிண்டாதீங்கன்னு நான் அப்பவே சொன்னேன். யாரு கேட்டா?"

அவள் சொல்லவேயில்லை. "நீ எப்ப சொன்னே? கயித்தைப் பிடிச்சிக்கிட்டா?" என்று நாத்தனார் எகிறினாள்.

"நாங்க உதவிக்கு வந்தவங்க. யோசனை யாரோடது?"

லாண்டரியக்கா கண்டக்டரைப் பார்த்தாள். நல்ல யோசனை என்று சொன்ன மனிதர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என் யோசனைதான்," என்றாள் அவள்.

அதோடு தெரு அவளை விட்டுவிட்டது. சண்டை இல்லை, ஏச்சு இல்லை. எதிரே வந்தால் மூக்குக்கு முன்னால் எதையோ பார்ப்பதுபோலக் கடந்துபோனார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை என்று புருஷன் சொன்னார். அவருக்கு அதிலும் நியாயம் தெரிந்தது. லாட்ஜ் மேனேஜர் விரிப்புகளை மெஷின் லாண்டரிக்கு அனுப்ப ஆரம்பித்தார். அப்போதும் வருத்தம் இல்லை என்றுதான் சொன்னார். புதுத் தொட்டியில் பழைய சைக்கிளைச் சாய்த்து வைத்தார்கள்.

சமாதானம்தான் வந்தார், வீடு தேடி. கம்பெனி கேம்ப்பில் துணி துவைக்க ஆள் வேண்டும் என்றார். "உங்க நிலைமை எனக்குத் தெரியும்மா. நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்லை."

"போகப் போறீங்களா அண்ணி?" என்றாள் நாத்தனார், அவர் போனதும்.

"போகாம? நீயும் நானும் காத்தை மடிச்சு இஸ்திரி போடறதா?"

கேம்ப்பில் மெஷின் இருந்தது. துளை போடுகிறவர்களின் முழுச்சட்டைகள் மசியும் சேறுமாக வரும். வெந்நீரில் ஊறவைத்து, காலரையும் முழங்காலையும் கையால் தேய்த்துவிட்டு மெஷினில் போட வேண்டும். தண்ணீர் எங்கிருந்தோ டேங்கர் லாரியில் வந்தது. முதல் நாள் குழாயைத் திறந்து கையில் ஏந்தியவள் அப்படியே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வாசனையே இல்லாத தண்ணீர். துளை போடுகிறவன் உடுப்பு துவைக்க நல்ல தண்ணீர் இருக்கிறது. அவன் பக்கத்துத் தெருவில் சோறு வடிக்க இல்லை. வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றோடு துவைத்தாள். சாயங்காலம் இரண்டு கேன் நிறையப் பிடித்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போக அனுமதி உண்டு. அந்தக் கேன்களைத் தெரு பார்த்தது. "விலை கொடுத்துட்டானுங்க பாரு" என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. விழவேண்டும் என்றுதான் சொன்னார்கள்.

ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. வேறு பக்கத்து ஜனங்கள் எங்கெங்கோ மனுக் கொடுத்து, மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. முன்பு சோதித்த கிணறுகளை எல்லாம் மறுபடி சோதிக்க வேண்டும். கெட்டிருந்தால் துளை போடுவதை நிறுத்த வேண்டும். கேம்ப்பில் இதே பேச்சாக இருந்தது. அன்று மத்தியானம் அவள் உடுப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது சமாதானம் வந்து நிழலில் நின்றார்.

"நாளன்னைக்கு உங்க வீட்டுக்கு ஆள் வர்றாங்கம்மா."

"தெரியுங்க."

"கிணத்தக் கொஞ்சம் சுத்தமா வச்சிருங்க. போன தடவை மாதிரி." சிரித்தார். "சுத்தத்துக்குப் பேர் போனவங்க நீங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அவள் கையில் இருந்த ஈரச் சட்டை கீழே நழுவியது. பத்துப் பேர் நடுவில் அன்று அவர் மெதுவாகக் கேட்ட கேள்வி இப்போதுதான் அவளுக்குள் முழுசாக இறங்கியது. சோப்பு, சோடா, ஊரு அழுக்கு. அவள் என்ன செய்வாள் என்று தெரிந்தே கேட்டிருக்கிறான். அவள் ரோஷத்தைக் கையில் எடுத்து, அதைக்கொண்டே கிணற்றைக் கழுவ வைத்திருக்கிறான்.

"நீங்க அன்னைக்கே..." என்றாள்.

"பழசெல்லாம் எதுக்கும்மா? சமாதானமா இருப்போம்," என்று அவர் போய்விட்டார்.

அவள் கேன்களைக்கூட எடுக்கவில்லை. வேலை போனால் போகட்டும். எல்லாரையும் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தடவை கிணற்றை ஒருத்தரும் தொடக்கூடாது. நாறட்டும், ஊர் முழுக்க நாறட்டும். வழி நெடுக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அன்றைக்கு அழாததெல்லாம் கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது.

வீட்டுக் கொல்லையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

தெரு முழுவதும் அங்கே நின்றது. டீக்கடைக்காரர் குழாயைப் பிடித்திருந்தார். கண்டக்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேற்பார்வை செய்தார். ராட்டினத்தின்மேல் போட்ட கயிற்றை நாத்தனார் பிடித்திருந்தாள். அவள் அண்ணன், லாண்டரியக்காவின் புருஷன், உள்ளே.

"வா தங்கச்சி," என்றார் கண்டக்டர். ஒரு வருஷத்துக்குப் பிறகு. "உனக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தோம்."

"நிறுத்துங்கண்ணே! என்ன பண்றீங்க? இதைச் செஞ்சா மறுபடியும் நல்ல தண்ணின்னுதான் வரும்!"

"தெரியும்மா."

"தெரியுமா?"

"துளை நின்னா கேம்ப் போயிடும். காலையில கம்பெனிக்காரங்க வந்து பேசினாங்க. வீட்டுக்கு ஒருத்தருக்கு உள்ள வேலை. டெய்லர் பையனுக்கு டிரைவர் வேலை. உன் வீட்டுக்காரருக்கு வாட்ச்மேன். தெருவுக்குத் தினம் ஒரு லாரி நல்ல தண்ணி. நீ கொண்டு வர்றியே, அதே தண்ணி. குழாய் குழாய்னு பேசினோம். எந்தக் குழாய் வந்துச்சு, சொல்லு?"

"நான் தெரியாமச் செஞ்சேன்," என்றாள் அவள். "தெரியாமச் செஞ்சதுக்கு ஒரு வருஷம் என் மூஞ்சில முழிக்கலை நீங்க. இன்னைக்குத் தெரிஞ்சே செய்யறீங்களே, உங்களை என்ன பண்றது?"

 டெய்லர் வீட்டம்மா மட்டும் பக்கத்தில் வந்து, "பழசை மனசுல வச்சிக்காதேடி," என்றாள்.

"அண்ணி!" என்று நாத்தனார் அலறினாள். "கயிறு கனக்குது. அண்ணன் பேசமாட்டேங்குது. பிடிங்க, என் கை வழுக்குது!"

அவள் பாய்ந்து பிடித்தாள். ஒரு வருஷமாக என்னென்ன சேர்ந்திருந்ததோ, கிணற்றுக்குள்ளிருந்து வந்த காற்றே தலையைச் சுற்றியது. நாலைந்து பேர் சேர்ந்து இழுத்தார்கள். அவர் தலை தொங்கிக்கொண்டு மேலே வந்தார். தரையில் படுக்கவைத்து முகத்தில் விசிறினார்கள். கண்ணைத் திறந்தவர் ஒருபக்கமாகத் திரும்பி வாந்தி எடுத்தார்.

"இப்பவாவது விடுங்க," என்றாள் அவள். "ஆளைக் கொல்லுற கிணறு இது. பார்த்தீங்கல்ல?"

"இன்னும் ரெண்டு உறைதான் பாக்கி," என்றார் அவள் புருஷன், வாயைத் துடைத்துக்கொண்டு. "பாதியில விட்டா எல்லாம் வீணாயிடும்ல?"

டெய்லர் துண்டை நனைத்து மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். கயிற்றை இடுப்பில் முடிந்தார். யாரும் தடுக்கவில்லை. அவர் வீட்டம்மா கயிற்றின் மறுமுனையை எடுத்து வந்து லாண்டரியக்காவின் கையில் வைத்தாள்.

"நீதான் பிடிக்கணும்," என்றாள். "வேற யாரையும் நம்பமாட்டேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் டெய்லர் விளிம்பைத் தாண்டிக் காலை உள்ளே விட்டுவிட்டார். கயிறு விறைத்து உள்ளங்கையில் பதிந்தது. கீழே நாரால் தேய்க்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. மேலே எல்லாரும் அவளிடம் பேசினார்கள். கேம்ப்பில் வேலை கஷ்டமா, சாப்பாடு எப்படி, துணி துவைக்கிற மெஷின் எத்தனை என்று கேட்டார்கள். தோளைத் தொட்டார்கள்.  அவளுக்குக் கயிற்றை விட்டுவிட்டுப் போய்விட வேண்டும் போலிருந்தது. உள்ளே ஆள் இருந்தார். விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.